லக்கலவிலிருந்து இரண்டு வழிகள்



மாத்தளை மாவட்டத்து லக்கலவிலிருந்து ரிவர்ஸ்டன் மலைப்பாதையில் ஏறி, இரத்தோட்டை, மாத்தளை வழியாகத் தெற்கே போனால் கண்டி. எலஹெர, பக்கமூன பக்கமாக வடக்கே இறங்கினால் பொலன்னறுவை. புத்தபெருமானின் புனிதப் பல்லை வைத்துப் போற்றிய தலைநகரங்கள் இவை இரண்டும். லக்கலக்காரர்கள் வெள்ளை உடுத்தி, பூத்தட்டோடு போவது பெரும்பாலும் கண்டிக்குத்தான். நீங்களும் முதலில் அங்கேயே போங்கள். ஆனால் மற்ற வழியையும் மறந்துவிடாதீர்கள். ஏனென்று சொல்கிறேன்.

கண்டியில் அந்தப் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு முதன்முதலாகப் போகிறவர்களில் பலருக்குச் சிறு ஏமாற்றம் உண்டு. பல் கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலை, முற்பகல், மாலை என்று நாளுக்கு மூன்று பூசை. கீழே மேளம் முழங்க, மேல்மாடியில் கதவு திறக்கும். வரிசை நகர நகர, தாகபை வடிவிலான பொற்பேழை ஒரு கணம் கண்ணில் படும். அதற்குள் பின்னால் நிற்பவர் உங்களை நகர்த்திவிடுவார். பேழைக்குள் பேழையாக ஏழு அடுக்கு, அதற்குள்ளே தாது எனப்படும் அந்தப் பல். 2025 ஏப்ரலில், 16 ஆண்டுகளுக்குப் பிறகு, அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். கண்டி வீதிகளில் இரவு பகலாக மக்கள் காத்துக் கிடந்தார்கள்.

நான்காம் நூற்றாண்டில், கலிங்க நாட்டு இளவரசி ஹேமமாலா தன் கூந்தலில் மறைத்து இதைக் கொண்டுவந்தாள் என்பது வரலாற்று மரபு. யார் கையில் தாது இருக்கிறதோ அவருக்கே நாட்டை ஆளும் உரிமை என்ற எண்ணம் பின்னர் வேரூன்றியது. அரசர்கள் தலைநகரை மாற்றும்போதெல்லாம் தாதுவையும் கூடவே எடுத்துப் போனார்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியப் படையோடு வந்த ஆரியச்சக்கரவர்த்தி அதைப் பாண்டிய நாட்டுக்கே கொண்டுபோய்விட்டான். மூன்றாம் பராக்கிரமபாகு தானே நேரில் போய்ப் பாண்டியனிடம் பேசி அதை மீட்டு வந்தான் என்று சூளவம்சம் சொல்கிறது. படையெடுத்துப் பறித்ததைப் பேசி வாங்கியது எனக்குப் பிடித்த கதை.

இனிப் பொலன்னறுவை. சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவின் படையில் வேளைக்காரர் என்ற தமிழ் வீரர்கள் இருந்தார்கள். சோழருக்கு எதிராகப் போகச் சொன்னபோது அவர்கள் மறுத்தார்கள். மறுத்ததோடு நில்லாமல் கலகம் செய்தார்கள். அரண்மனைக்கும் தீ வைத்தார்கள். மன்னன் கலகத்தைக் கடுமையாக அடக்கினான். அவன் காலத்துக்குப் பிறகு, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாதுக் கோவிலைக் காக்கும் பொறுப்பை ஏற்கும்படி முகலன் என்ற மகாதேரர் கேட்டுக்கொண்டார். யாரை? அதே வேளைக்காரரை! அவர்கள் வணிகக் குழுவினரான வளஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டி, தமிழிலே கல்வெட்டும் பொறித்தார்கள். உயிர் போனாலும் இந்தக் கோவிலையும், அதன் ஊர்களையும், அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும் சந்திர சூரியர் உள்ளவரை காப்போம் என்பது அதன் சாரம். தங்கள் பெயரையே வைத்து, 'மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று அதை அழைத்தார்கள். அந்தக் கல் இன்றும் பொலன்னறுவையில், பழைய தாதுக் கோவிலான அட்டதாகேயின் அருகே நிற்கிறது.

கண்டியிலும் தமிழரான நம் தடம் இல்லாமல் இல்லை. 1739 முதல் 1815 வரை அங்கே ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் மரபினர். மாளிகையின் முன்னே தெரியும் எண்கோண மண்டபமும், எதிரே உள்ள ஏரியும் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தவை. அவனை ஆங்கிலேயர் நாடுகடத்தினார்கள். 1832இல் வேலூரில் இறந்தான். எசல பெரஹரா திருவிழாவில் மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் வருகின்றன. பத்தினி நம் கண்ணகிதான்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1998 ஜனவரி 25 அன்று விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய வாகனத்தை இதே மாளிகையின் வாசலில் வெடிக்கச் செய்தார்கள். வழிபட வந்த எளிய மக்கள் மாண்டார்கள். காத்தவர்களையும் தாக்கியவர்களையும் சேர்த்துத்தான் நம் வரலாறு என்று ஏற்க வேண்டும்.

மாளிகைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோளும் முழங்காலும் மறையும் வெளிர்நிற உடை வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். புதன்கிழமை போனால் மூலிகை நீராட்டுச் சடங்கு நடக்கும். அந்த நீரைப் பக்தர்களுக்கும் கொடுப்பார்கள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைப் பொலன்னறுவைக்கும் கூட்டிப்போய் அந்தத் தமிழ்க் கல்லைக் காட்டுங்கள். எழுத்து பழையது, எளிதில் வாசிக்க வராது. அதில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே சொல்லிக் கொடுங்கள்.