திறந்த பாடநூலில் ஒரு நெல்வயல்



என் ஆசிரியர்கள் இருவர் முன்வரிசையில் இருக்க, தலைமை நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டீர்கள். பெருமைதான், கொஞ்சம் உதறலும் இருக்கிறது.

கல்லூரித் தொடக்கநிலைப் புள்ளியியலுக்கான திறந்த பாடநூல்கள் என்பது நம் பொருள். கலிபோர்னியாவின் டி ஆன்சா கல்லூரியில் கற்பித்த பார்பரா இலவ்ஸ்கி, சூசன் டீன் இருவரின் நூல் 2013இல் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியீடாக வந்ததும், ஓப்பன்இன்ட்ரோ நூல் அதற்கு முந்தியது என்பதும் நீங்கள் அறிந்தவை. விலை, இணைய வசதி பற்றியெல்லாம் பிற்பகல் அமர்வுகளில் பேசுவார்கள். அவர்கள் பங்கை நான் பறிக்கவில்லை.

என் வழக்கு வேறு, திருத்தும் உரிமை பற்றியது. என்.சி.இ.ஆர்.டி.யின் பள்ளிப் பாடநூலைக் காசில்லாமல் பதிவிறக்கலாம். அதில் ஒரு கணக்கை மாற்றி வெளியிட அனுமதி கிடையாது. ஓப்பன்ஸ்டாக்ஸின் 2013 பதிப்பிலோ மூல ஆசிரியர்களைக் குறிப்பிட்டுவிட்டு எதையும் மாற்றலாம். ஓப்பன்இன்ட்ரோ மூலக்கோப்புகளையே கொடுத்துவிடுகிறது. இவ்வளவு உரிமையை வைத்துக்கொண்டு நாம் செய்தது என்ன? ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டோம். டிஐ-84 கால்குலேட்டரில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற குறிப்புகள்கூட அப்படியே இருக்கின்றன. நம் மாணவர்களில் எத்தனை பேர் அந்தக் கருவியைக் கண்ணால் கண்டிருப்பார்கள்?

நான் மிகவும் மதிக்கும் மூத்த பேராசிரியர் ஒருவர், “புள்ளியியலுக்கு ஊர் கிடையாது, எடுத்துக்காட்டை மாற்றுவது வெட்டி வேலை” என்று முன்பொரு கருத்தரங்கில் சொன்னார். அன்று மைக் என் வரிசைவரை வரவில்லை. இன்று வந்திருக்கிறது. சூத்திரம் எங்கும் ஒன்றுதான், ஐயா. ஆனால் தரவை யார், எந்த வயலில், எப்படி எடுத்தார்கள் என்று கேட்கப் பழகாத மாணவன் அந்தச் சூத்திரத்தை வைத்து என்ன செய்வான்?

அப்படிக் கேட்கப் பழக்க, நம் பாடநூல்கள் கண்டுகொள்ளாத ஒரு தகராறு இருக்கிறது. 1940களில், விளைச்சலை மதிப்பிடும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வயலில் எவ்வளவு பெரிய துண்டை அறுப்பது என்பதில் புள்ளியியலாளர்களான கல்கத்தாவின் மகலனோபிஸும் டெல்லியின் சுகாத்மேயும் மோதிக்கொண்டார்கள். சிறு வட்டங்கள் சிக்கனம், நிறைய எடுக்கலாம் என்றார் மகலனோபிஸ். துண்டு சிறுத்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்றார் சுகாத்மே. எல்லையில் நிற்கும் குத்தை அறுப்பவர் கை உள்ளேதான் சேர்க்கும். துண்டு சிறுக்கச் சிறுக்கப் பரப்புக்கு விளிம்பு கூடும்: இரண்டடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு சதுர அடிக்கு ஓரடி விளிம்பு. இன்று நெல்வயலில் கயிறு கட்டும் 5 மீட்டர் சதுரத்தில் அது கால் அடிக்கும் குறைவு. மாணவரே போட்டுப் பார்க்கட்டும். அந்த 25 சதுர மீட்டரில் நூறு கிராம் நெல் கூடுதலாகச் சேர்ந்தால் ஹெக்டேருக்கு 40 கிலோ ஏறிவிடும். எல்லாத் துண்டிலும் இப்படியே நடந்தால், நூறு துண்டை ஆயிரமாக்கினாலும் திட்டப்பிழைதான் குறையும். இந்த 40 கிலோ அசையாது. ஒருசார்புப் பிழையைக் கற்பிக்க இதைவிட நல்ல கணக்கு இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மகலனோபிஸுக்கு அநியாயம் செய்யக் கூடாது. மிகச் சிறிய துண்டு ஏமாற்றும் என்பது அவருக்கும் தெரியும். எந்த அளவில் அந்தப் பிழை மறைகிறது என்பதில்தான் வழக்கு. அதுவும் வகுப்பில் வாதாட நல்ல பொருள்; ஏனென்றால், பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு இப்படி அறுத்த விளைச்சலின் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விளைச்சல் கூடுதலாகப் பதிவானால் விவசாயிக்குப் பணம் குறையும். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் அந்த விவசாயியின் பிள்ளைகள்.

கண்டவரெல்லாம் திருத்தினால் தரம் என்னாவது என்ற கேள்வி வரும். வரட்டும். நாம் விலைகொடுத்து வாங்கும் நூல்களிலும் விடைப்பட்டியல் பிழைகள் பதிப்புக்குப் பதிப்பு தொடர்கின்றன. அவற்றைத் திருத்த நமக்கு அனுமதியும் இல்லை. பாடத்திட்டக் குழு உறுப்பினர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். கால்குலேட்டர் பக்கங்களை நீக்குங்கள், இந்த அறுவடைக் கணக்கைச் சேருங்கள், வரும் பருவத் தேர்வில் அதற்குப் பத்து மதிப்பெண் வையுங்கள். மதிப்பெண் இல்லாத பாடத்தை நம் பிள்ளைகள் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.