காற்றும் தக்காளியும்

(திருச்சி காந்தி மார்க்கெட் அருகே நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

மாற்று எரிசக்தியைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இதைப் பேசக் காந்தி மார்க்கெட்டை விடப் பொருத்தமான இடம் வேறில்லை. எப்படி என்கிறீர்களா?

வரத்து மிஞ்சிய நாளில் இந்த மார்க்கெட்டில் தக்காளிக்கு என்ன கதி நேருகிறது? விடியுமுன் கூடை கூடையாக வந்து இறங்குகிறது. மண்டியில் விலை சொல்கிறார்கள். அந்த விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணாது. திருப்பி எடுத்துப் போகவும் வழியில்லை, அழுகிவிடும். கிடைத்ததை வாங்கிக்கொண்டு விவசாயி ஊர் திரும்புகிறார். மிச்சம் குப்பைக்குப் போகிறது. தக்காளி வாங்க வழியில்லாத குடும்பங்கள் இந்த ஊரில் இல்லையா? இருக்கின்றன. ஆனாலும் குப்பைக்குத்தான் போகிறது.

மின்சாரமும் இப்படிப்பட்ட சரக்குதான். உற்பத்தியான கணத்திலேயே செலவாக வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்கள் வழியே காற்று வீசுகிறது. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடியில் மின்சாரம் வெள்ளமாய் வருகிறது, ஐப்பசியில் வற்றிவிடுகிறது. நிலக்கரியை விலை கொடுத்து வாங்க வேண்டும். காற்றுக்கு விலையில்லை. அப்படியிருந்தும் காற்று மின்சாரம் சந்தையில் திணறியது ஏன்?

பஞ்சாலைத் தோழர்களே, 2012-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. ஷிப்டு போயிற்று, கூலியும் போயிற்று. அதே காலத்தில், காற்று பலமாக வீசிய நாட்களில் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொன்னதும் உண்டு! தெற்கே உற்பத்தியானதை ஏந்தி வரப் போதிய மின்கம்பிகள் இல்லை. வாங்கிய மின்சாரத்துக்கும் மின்வாரியம் மாதக் கணக்கில் பாக்கி வைத்தது. ஒருபுறம் இருட்டு, மறுபுறம் வாங்குவாரற்ற மின்சாரம். தக்காளிக் கதையேதான் இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காற்றாலை நட்டவர்களில் பஞ்சாலை முதலாளிகள் பலர். இயந்திர விலையில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள மத்திய சர்க்கார் அனுமதித்திருந்தது. 2012-ல் அந்தச் சலுகையை விலக்கியதும் புதிய காற்றாலை நடுவது சரிந்தது. காற்று குறைந்தா போயிற்று? இல்லை. லாபக் கணக்கு மாறிற்று, அவ்வளவுதான். சந்தை என்பது மழை வெயிலைப் போல இயற்கை அல்ல, தோழர்களே. சர்க்கார் வகுக்கும் விதிகள்தான் சந்தையை உண்டாக்குகின்றன.

தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களைத் தக்க காரணமின்றி நிறுத்தி வைத்ததற்கு நஷ்டஈடு தரும்படி 2021-ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. விளைந்ததை வாங்காவிட்டால் நஷ்டஈடு, நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் காட்டாமணக்கு நட்ட விவசாயிக்குக் கிடைத்ததா?

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. நம் சாலைகளில் கரி வாயு பஸ்கள் ஓடின. யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் அவை மறைந்தன. காட்டாமணக்கின் கதையும் இதுபோன்றதே. 2003-ல் திட்டக் கமிஷன் குழு அதைச் சிபாரிசு செய்தது. தரிசிலும் வளரும், தண்ணீர் வேண்டாம், விதையிலிருந்து டீசல் எடுக்கலாம் என்றார்கள். நிலக்கடலை விளைந்த மானாவாரி நிலத்திலும் நட்டார்கள். காய்க்கவே ஆண்டுகள் பிடித்தன. தண்ணீர் விடாத செடியில் காய்ப்பு சொற்பம். ஆடு மாடு அதைத் தின்னாது, விதையோ நஞ்சு. கடலைக் காட்டில் களையெடுப்பும் பறிப்புமாகக் கிடைத்த கூலி வேலையும் குறைந்தது.

எண்ணெய்க் கம்பெனிகள் அந்த டீசலுக்கு லிட்டருக்கு 25 ரூபாயை ஒட்டி விலை அறிவித்தன. உற்பத்திச் செலவோ அதற்கு மேல். விற்பவர் யார்? 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை ஏறிய கச்சா எண்ணெய் அந்த ஆண்டு முடிவதற்குள் 40 டாலருக்கும் கீழே இறங்கிற்று. 2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்று 2009-ல் தேசியக் கொள்கை வகுத்தார்கள். அது காகிதத்தில் நின்றது. செடியைப் பிடுங்கியது விவசாயி. கடனைச் சுமந்ததும் அவரே.

எத்தனாலைப் பாருங்கள். 2013–14-ல் பெட்ரோலில் அதன் கலப்பு 2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2014 டிசம்பரில் சர்க்கார் கொள்முதல் விலையை நிர்ணயித்தது. எண்ணெய்க் கம்பெனிகள் வாங்கின. 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. விலையும் கொள்முதலும் உறுதியானால் மாற்று எரிபொருள் நிற்கும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் உறுதி கிடைத்தது ஆலைக்கு. கரும்பு வெட்டும் தொழிலாளியின் கூலிக்கு அந்த உறுதி எங்கே?

நம் ஊரிலேயே பார்த்தோம். அனல்மின் நிலையங்களுக்கான பாய்லர் ஆர்டர்கள் குறைந்தபோது, திருவெறும்பூர் ஆலையை நம்பியிருந்த துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைகள் பல மூடிக் கிடந்தன. வெல்டர்களும் பிட்டர்களும் வேலை தேடி அலைந்தார்கள். நிலக்கரி போய்ச் சூரியன் வரட்டும். நாம் எதிர்க்கவில்லை, வெயிலில் வேலை செய்பவர்களுக்கு, தவறும் பருவமழையும் ஏறும் வெப்பமும் என்னவென்று பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மாற்றத்தின் செலவைத் தொழிலாளி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

ஆகவே நாம் கேட்பது இவைதான். செடி நடச் சொல்லுமுன் கொள்முதல் விலையைச் சொல்லுங்கள், சொன்னபடி வாங்குங்கள். பொதுப் பணத்தில் மின்கம்பியும் சேமிப்பும் கட்டுங்கள். முடியாத காரியமல்ல. 1980-களில் மின்வாரியம் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் கட்டியதே! மிஞ்சிய மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. மின்சாரத்தின் குளிர்பதனக் கிடங்கு என்றே சொல்லலாம். கடைசியாக, பழைய தொழில் சுருங்குமிடத்தில் புதிய தொழிலைக் கொண்டுவந்து, அங்குள்ள தொழிலாளிக்கே முதல் வேலை கொடுங்கள்.

காற்றுக்கும் வெயிலுக்கும் சொந்தக்காரர் இல்லை. கம்பிக்கும் நிலத்துக்கும் விலைக்கும் இருக்கிறார்கள். தக்காளிக் கூடையைச் சுமக்கும் தோழர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை மில் வாசலிலும் வயல் வரப்பிலும் எடுத்துச் சொல்லுங்கள்!