எத்தனை பேர் இருந்தா கூட்டம்?

சர்வர் எத்தனை பேரைத் தாங்கும்னு லோட் டெஸ்ட் பண்றது என் வேலை. இதே கேள்வியைச் சுற்றுலா இடங்களைப் பற்றிக் கேட்டு, அதையே தன் ஆய்வு வாழ்க்கையாக ஆக்கிக்கொண்டவர், அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ராபர்ட் மேனிங்.

1990களில், யூட்டா மாநிலத்தின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவின் போட்டோவை, ஆட்களைக் கூட்டியும் குறைத்தும் அவர் குழு எடிட் செய்தது. வந்தவர்களிடம் காட்டி, "இவ்வளவு கூட்டம் ஓகேவா?"ன்னு கேட்டார்கள். அந்தப் பதில்களை வைத்து, ஒரே நேரத்தில் 30 பேர் என்று பூங்கா வரம்பு வைத்தது.

பாறைக்கு 30 பேரும் ஒண்ணுதான், 100 பேரும் ஒண்ணுதான். அந்த எண் வந்தது மனுஷங்க மனசுல இருந்து.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. அந்தத் துறையே அதைப் பேசுது. கூட்டம் பிடிக்காதவங்க வர்றதையே நிறுத்திட்டா, சர்வேயில் அவங்க குரலே இருக்காது. சைட் ஸ்லோன்னு கிளம்பிப்போன யூசர் நமக்கு ஃபீட்பேக் தர்றதில்லையே, அது மாதிரி.

என் அப்பா ஊட்டிக்குப் போறதை நிறுத்திப் பல வருஷம் ஆச்சு. இப்போ அங்கே இ-பாஸ் இருக்கு. "கூட்டம் எவ்வளவு குறைஞ்சா மறுபடி வருவீங்கப்பா?"ன்னு இந்த வாரம்தான் கேட்டேன்.

"இதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்லையேடா"ன்னார்.

உங்க வீட்டுலயும் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.