உறவுப் பாக்டீரியாக்களும் ஒரு காவல் புரதமும்

பாக்டீரியாக்களிடையே மரபணுக்களை இடம்மாற்றும் ஆய்வக முறைகளுள் ஒன்று இணைவு. இரண்டு செல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ள, கொடுக்கும் செல்லின் டி.என்.ஏ. இழை சிறிது சிறிதாகப் பெறும் செல்லுக்குள் நகர்வதே அது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில் இத்தகைய மரபுக்கலப்பு நிகழ்வதை ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டேட்டமும் 1946இல் நிறுவினர். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் எலி வோல்மானும் பிரான்சுவா ஜாகோபும் 1950களில், ஒட்டியிருந்த செல்களை மிக்சியில் சுழற்றி வெவ்வேறு நேரங்களில் பிரித்து, எந்த மரபணு எத்தனையாவது நிமிடத்தில் உள்ளே சேர்கிறது என்று கணக்கிட்டனர். முழுக் குரோமோசோமும் கடக்க ஏறத்தாழ 100 நிமிடங்கள் ஆவதால், ஈ. கோலையின் மரபணு வரைபடமே நிமிடக் கணக்கில் அமைந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரின் உள்ளமைப்பைக் கடிகாரத்தைக் கொண்டு வரைந்த இந்த ஆய்வு, எண்ணுந்தோறும் வியப்புத் தருவது.

மற்றொரு முறை கடத்தல். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபாஜ் என்னும் வைரஸ், தன் உறைக்குள் தன் டி.என்.ஏ.வுக்குப் பதிலாகப் பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டைத் தவறுதலாக அடைத்துக்கொண்டு அடுத்த செல்லுக்குள் செலுத்திவிடுவதுண்டு. நார்ட்டன் சிண்டரும் லெடர்பெர்க்கும் 1952இல் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியாவில் இதை விளக்கினர்.

ஆயினும், நுழைவது வேறு, நிலைபெறுவது வேறு. வந்த துண்டு குரோமோசோமில் ஒத்த இடத்தைக் கண்டு அதனுடன் இழைந்தால்தான் மரபணு தங்கும். ஈ. கோலையும் சால்மோனெல்லாவும் நெருங்கிய உறவினவாக இருந்தும், இணைவின்பின் கலப்புயிர்கள் மிக அரிதாகவே தோன்றின. மிரோஸ்லாவ் ராட்மான் குழுவினர் 1989இல் இதற்கான முதன்மைக் காரணத்தைக் காட்டினர்: நகலெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள், சேரவரும் இழையில் பொருந்தா எழுத்துகளைக் கண்டதும் அந்த இழைப்பையே தடுத்துவிடுகின்றன. மியூட்-எஸ் போன்ற அத்தகைய காவல் புரதத்தின் மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது கலப்பு பன்மடங்கு பெருகியது.

இந்த அறிவு டைஃபாய்டு ஆய்வுக்குப் பெரிதும் வேண்டப்பட்டது. டைஃபாய்டை உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி இயல்பாக மனிதரை மட்டுமே தாக்குவது; அதன் உறவான டைஃபிமியூரியமோ எலிகளில் ஆராயத்தக்கது; எனவே ஒன்றின் மரபணுக்களை மற்றொன்றுக்கு மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. திருத்தப் புரதமற்ற செல்லைப் பெறுநராக்கினால், இவ்விரண்டிடையேயும் கடத்தலுக்கிருந்த தடை நீங்குவது 1994இல் காட்டப்பட்டது. ஆனால் அத்தகைய செல்லில் பிழைகள் திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே, கிடைத்த கலப்புப் பகுதியை மீண்டும் ஃபாஜின் வழியே அதே பெறுநர் வகையின் பழுதற்ற செல்லுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்பகுதியின் இருபுறமும் உள்ள வரிசைகள் அச்செல்லுடன் முற்றிலும் ஒத்திருப்பதால், இம்முறை காவல் புரதம் குறுக்கிடுவதில்லை.