மாற்றுத் தோள்

(வல்லத்திராக்கோட்டையில் நடந்த பங்காளர் கூட்டத்தில் மருத்துவமனை போதகர் ஆற்றிய உரை)



மேடு என்றால் கண்மாய்க் கரைதான் என்று வாழ்கிற ஊர் நம் வல்லத்திராக்கோட்டை. இங்கே நின்றுகொண்டு ஒரு மலைப்பாதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. ஜெபத்தாலும் காணிக்கையாலும் உதவுகிற உங்களை "ஊழியத்தைத் தாங்குகிறவர்கள்" என்று சொல்லுகிறோம். தாங்குவது என்றால் என்ன என்பதை ஒரு நாள் நடையில் அந்த மலைப்பாதை எனக்குக் கற்றுக் கொடுத்தது.

இன்று பேருந்தில் உட்கார்ந்தால் சில மணி நேரத்தில் கோடைக்கானல் போய்விடலாம். அன்று அப்படியில்லை. 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் மலைச்சரிவில் உள்ள வெள்ளகவி என்னும் சிற்றூரில் தங்கி, அங்கிருந்து கால்நடையாய் மேலே ஏறினார். 1834-இல் மதுரையில் அமெரிக்க மிஷன் தன் பணியைத் தொடங்கிற்று. வந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. குளிர்ந்த இடம் தேடி அவர்கள் மலை ஏறினார்கள். 1845-இல் கோடைக்கானலில் முதல் வீடுகள் எழும்பின.

காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று என்றே அக்காலத்தில் நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லின் பொருளும் அதுதான். கொசுவே அதைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897-இல் செகந்திராபாத்தில் டாக்டர் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார். காரணம் தெரியாவிட்டாலும் மிஷனெரிகள் தேடிப் போன இடம் சரியான இடமே. ஏழாயிரம் அடி உயரத்தின் குளிர் அந்தக் கொசுவுக்கு ஒத்துக்கொள்ளாது.

அவர்கள் எப்படி ஏறினார்கள்? 1875-இல் ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். இரவு முழுவதும் மாட்டு வண்டி. மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து சிலர் குதிரையில் போனார்கள், சிலர் நடந்தார்கள். நோயாளிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்து நம் ஊர் ஆட்கள் தூக்கிச் சென்றார்கள். பெட்டி, படுக்கை, அரிசி மூட்டை எல்லாமே தோளிலும் தலையிலும்தான் ஏறின. அந்தப் பாதைக்குப் பெயரே "கூலி காட்". 1910-களில் மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கும் வரை வழி அதுவே.

நாற்காலியில் போனவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. கல்லறைகளிலும் இருக்கின்றன. தூக்கியவர்களின் பெயரை எங்கே தேடுவது?

எண்பதுகளில், இறையியல் மாணவனாக இருந்தபோது, நண்பர்கள் சிலரோடு வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை வரை ஒரு நாளில் நடந்து இறங்கினேன். அது கூலி காட் அல்ல. அதற்குப் பக்கத்தில் இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதை. காலையில் சோலைக்காட்டு இருட்டும் பனியும். கல்லும் வேரும் பின்னிக் கிடக்கும் சரிவு. ஏறுவதுதான் கடினம் என்று நினைத்திருந்தோம். இறங்கும்போதுதான் தெரிந்தது, ஒவ்வொரு அடியிலும் தொடை பிரேக் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முழங்கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. காப்பித் தோட்டங்களைத் தாண்டி வெள்ளகவி வந்தது. தங்கள் ஊருக்குள் காலில் செருப்பு அணியாத மக்கள் அவர்கள். நாங்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம்.

ஊரைத் தாண்டிச் சற்றுத் தூரம் போயிருப்போம். பின்னால், "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று குரல். ஒரு மூங்கில் கழி, அதிலே கம்பளியால் கட்டிய டோலி. உள்ளே ஓர் இளம் பெண். தலைப்பிரசவம், முந்தின இரவிலிருந்தே வலியாம். கீழே பெரியகுளம் போனால்தான் வைத்தியம். சுமையோடு வந்தவர்கள், வெறுங்கையோடு நடந்த எங்களை முந்திப் போனார்கள்.

இளைஞர்கள் அல்லவா, நாங்களும் ஓடிப்போய்த் தோள் கொடுத்தோம். பத்து நிமிடம்கூட என்னால் தாங்க முடியவில்லை. அவர்களோ நான்கு பேர் தூக்க, நான்கு பேர் கூடவே வெறுந்தோளோடு வந்தார்கள். சிறிது தூரத்துக்கு ஒரு முறை, நடை நிற்காமலே தோள் மாறியது. தூக்குகிறவர் முகத்தில் களைப்பே தெரியவில்லையே, ஏன் இத்தனை சீக்கிரம் மாற்றுகிறீர்கள் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "களைச்ச பிறகு மாத்தக் கூடாது தம்பி. களைக்கிறதுக்கு முன்னாலேயே மாத்தணும். களைச்சவன் கால் இடறும். அவன் இடறினா டோலியில இருக்கிறவளும் போயிருவா."

மறுநாள் பெரியகுளத்தில் விசாரித்தோம். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அவர்கள் நடையில் ஒரு குறையும் இல்லை. பாதைதான் நீளம்.

பிரியமானவர்களே, திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து, ஆண்டவர் முன்னே இறக்கிய சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். அந்த நால்வரின் பெயரை மாற்கு எழுதவில்லை. ஆனாலும் ஆண்டவர் நோயாளியைப் பார்க்குமுன் தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்தார் என்று வேதம் காட்டுகிறது. வெள்ளகவிப் பாதையில் நடந்த பிறகு, அந்தப் பகுதியை வாசிக்கும் போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். நால்வருக்கு மாற்று நால்வர் கூட வந்திருப்பார்களோ?

2008-இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. நம் சமவெளி ஊர்களில் வாசலுக்கே வண்டி வருகிறது. அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் வண்டி நோயாளியை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டபின், டோலி யார் தோளில் இருக்கிறது? வார்டுகளில் நான் தினமும் காண்பது இதைத்தான். பக்கவாதத்தில் விழுந்த மாமனாரை இரவும் பகலும் புரட்டிப் படுக்கவைக்கும் மருமகள். டயாலிசிஸ் செய்யும் கணவரோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பேருந்து ஏறி, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் காத்திருக்கும் மனைவி. நோயாளியைக் கேட்பார்கள், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று. தூக்குகிறவளைக் கேட்பவர் இல்லை. அவள் ஒரு நாள் மயங்கி விழும்போதுதான், அவளும் களைத்திருந்தாள் என்று நமக்குத் தெரிகிறது. களைத்த பிறகு மாற்றுகிறோம். அதுவே நம் குறை.

ஆகவே உங்களிடம் இரண்டு காரியம் கேட்டுக்கொள்ளுகிறேன். ஒன்று, உங்கள் தெருவில் நீண்ட நாள் நோயாளி இருக்கிற வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து வருவது நல்லதுதான். அதைவிட நல்லது, "அம்மா, இரண்டு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள்" என்று சொல்வது. அது கழிக்கு அடியில் வைக்கிற தோள்.

இரண்டாவது, உங்கள் காணிக்கையைப் பற்றியது. கட்டிடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் நிற்கும். டீசலுக்கும் மருந்துக்கும் இரவு நர்ஸின் சம்பளத்துக்கும் மாதாமாதம் கொடுக்கிற சிறு தொகைக்குக் கல்வெட்டு கிடையாது. ஆனால் அதுதான் நடை நிற்காமல் தோள் மாற்றுகிறது. ஒரு முறை பெரிதாகத் தூக்கிவிட்டுப் போகிறவரைக் கொண்டு மட்டும் மலை இறங்க முடியாது.

பெயர் எழுதப்படாத அந்த நால்வரைக் கண்ட ஆண்டவர், உங்கள் தோள்களையும் காண்கிறார். அவர்தாமே உங்களையும், உங்கள் வீடுகளில் நோயாளிகளைத் தாங்கி நிற்கிற ஒவ்வொருவரையும் பெலப்படுத்துவாராக. ஆமென்.