சாவி இல்லாத பிள்ளைகள்

ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள செமோரிலிருந்து வருகிறேன். பால்மரத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன்.

கணினி நம் வேலையைச் சுலபமாக்கிவிட்டது என்றார் எதிரணி நண்பர். நான் மறுக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தைக் கேளுங்கள்.

எங்கள் வட்டாரப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்க இரண்டு பட்டியல்களை இணைக்க வேண்டியிருந்தது. ஒன்றில் மாணவர் விவரம், மற்றதில் குடும்ப வருமானம். பெயரை வைத்து இணைத்தேன், சரிவரவில்லை. இங்கே லெட்சுமி, அங்கே லட்சுமி! தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய காலத்திலிருந்தே இந்தக் குழப்பம் உண்டு.

பிறகு அடையாள அட்டை எண்ணால் இணைத்தேன். 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். ஒருவருக்கு ஓர் எண்தான். இதைத்தான் கணினித் துறையில் 'சாவி' என்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். 2009-இல் பிறந்த பிள்ளையின் எண் 09 என்று தொடங்கும். ஒரு பட்டியலில் கணினி முன்பூஜ்யத்தை விழுங்கிவிட்டது. 11 இலக்கம் 12-உடன் எப்படிப் பொருந்தும்? எண்ணாகப் படிக்காதே, எழுத்தாகப் படி என்று கட்டளையிட்ட பிறகுதான் சேர்ந்தது.

அப்போதும் சில பிள்ளைகளைக் காணோம். நான் பயன்படுத்திய 'ஆர்' மொழியில் 'மெர்ஜ்' என்ற கட்டளை, வேறு விதமாகக் கேட்காவிட்டால், இரண்டிலும் பொருந்தியவர்களை மட்டுமே தரும். மற்றவர்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். விடுபட்டவர்கள் யார்? பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகள்! ஒரு பட்டியலில் தற்காலிக எண், மற்றதில் வெறும் கட்டம். தோட்டம் விற்கப்பட்டு, ஊர் மாறி, பிறப்பைப் பதியாமலே விட்ட குடும்பங்கள். உதவி யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களே முதலில் மறைந்துபோனார்கள், நடுவர் அவர்களே!

2024 ஜனவரி 2-இல் அரசாங்கம் 'பாடு' என்ற மையத் தரவுத்தளத்தைத் தொடக்கியது. அதில் பதியவும் அடையாள அட்டை எண் தேவைப்பட்டது. பட்டியல்கள் பெரிதாகப் பெரிதாக, சாவி இல்லாதவன் இன்னும் தூரமாகப் போகிறான்.

ஆகவே இணைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பொருந்தியவர்களை எண்ணி மகிழ்வதற்கு முன்னால், பொருந்தாதவர்களைத் தனியாக எடுங்கள். கட்டளையில் 'எல்லாரையும் வை' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், அவர்கள் திரையில் வந்து நிற்பார்கள். அந்தப் பட்டியலோடு நாங்கள் வீடு வீடாகப் போனோம். பெற்றோரைத் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துச் சென்றோம். இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.

சாவி இல்லை என்பதற்காக, ஆளே இல்லை என்று ஆகிவிடுமா?