தொழுகையும் எமதே, தமிழும் எமதே!

(கண்டியில் நடந்த கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற நோன்பு மாதத்தில் என் பேரன் என்னிடம், “நாம் தமிழரா, முஸ்லிமா?” என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் யாரோ அவனைக் கேட்டுத் திணறடித்திருக்கிறார்கள். இதே கேள்வி என் இளமையையும் வாட்டியதுண்டு.

என் தந்தையார் இராமநாதபுரச் சீமையிலிருந்து கண்டிக்கு வந்து துணிக்கடை வைத்தவர். நான் 1946ஆம் ஆண்டு இந்நகரிற் பிறந்தேன். நாங்கள் தந்தையை ‘அத்தா’ என்போம். அண்டை வீட்டு முஸ்லிம் பிள்ளைகள் ‘வாப்பா’ என்பர். அந்த ஒரு சொல்லே எங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து தொழுவோம். வெளியே வந்ததும் எங்களைச் ‘சம்மான்காரர்’ என்பார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமோ, நான் பிறந்த ஊரைக் கேட்கவில்லை. என் தந்தை பிறந்த ஊரைக் கேட்டது! தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய அதே சட்டம் எங்கள் கடை வாசலிலும் வந்து நின்றது.

ஆனால் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் திகனையிலும் அக்குறணையிலும் கடைகளுக்குத் தீ வைத்தவர்கள், எவருடைய பாட்டன் எந்தக் கரையிலிருந்து வந்தான் என்று விசாரிக்கவில்லை. முஸ்லிம் என்பதே போதுமாயிருந்தது.

அன்பர்களே! இக்கண்டி மண்ணில் 1838இற் பிறந்த அறிஞர் சித்திலெப்பையை நினைந்து பாருங்கள். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார்; 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். இரண்டும் தமிழிலேயே! எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்கு வந்த ஒறாபி பாஷாவுடன் நட்புப் பூண்டு, முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கு அரும்பாடுபட்டார். மார்க்கத்துக்காகத் தமிழை அவர் விட்டாரா? தமிழுக்காக மார்க்கத்தை விட்டாரா? இரண்டுமில்லை.

தமிழ் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். மனம் நோக வேண்டாம். 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன், சோனகரும் தமிழினத்தவரே என்று ஆய்வுரை நிகழ்த்தினார். எம் முன்னோர் அதை அணைப்பாகக் கொள்ளவில்லை. சட்டசபையில் தமக்குரிய இடத்தை மறுக்கும் வாதமென்றே கண்டனர். மறு ஆண்டு அவ்விடம் கிடைத்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அம்மக்கள் பேசிய தமிழ் அவர்களைக் காக்கவில்லை. இந்தப் புண் ஆறாதிருக்க, “நாமெல்லாம் ஒரே மொழியினர்” என்று மேடையில் முழங்கினால் மட்டும் போதுமா? எங்களைத் தமிழரென்று பதிவு செய்ய வற்புறுத்தாதீர்கள். தமிழ் எங்களுடையதன்று என்று தள்ளவும் செய்யாதீர்கள்.

என் சமூகத்தாருக்கும் ஒரு சொல் உண்டு. பிள்ளைகள் சிங்களத்தில் கற்கட்டும், ஆங்கிலத்தில் கற்கட்டும், காலத்தின் தேவை அது. ஆயினும், தமிழை விட்டால்தான் மார்க்கம் நிறைவு பெறும் என்று எண்ணுவது பேதைமை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றை எம்மொழியிற் பாடினார்? உழவர் தோழர்களே, உங்கள் மிளகும் கராம்பும் எங்கள் கடைகளுக்கு வரும்போது நாம் விலை பேசுவதும் இம்மொழியில்தானே!

பேரனுக்கு நான் அளித்த விடை இதுதான்: “மகனே, தொழும்போது நீ கிப்லாவை நோக்கி நிற்கிறாய். தொழுது முடிந்ததும் உன் உம்மா தமிழில் உன்னைச் சோறுண்ண அழைக்கிறாள். அதில் எதை நீ விடுவாய்?” அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் கேட்டவனுக்கு நான் என்ன சொல்ல?” என்றான். “நான் கண்டியான் என்று சொல், மீதியைக் கேட்க அவனை நம் வீட்டுக்கு அழைத்து வா” என்றேன்.

அந்தப் பிள்ளை வருவான் என்ற நம்பிக்கையோடு அமைகிறேன்.